பூபதியின் மாற்றாள்

புருஷன் குடியை நிறுத்த வேண்டும் என்று தவிக்கிற பெண்ணுக்கு இந்த உலகத்தில் வழி சொல்லாதவர்கள் யாருமில்லை. கோகிலவாணிக்கு முதலில் வழி சொன்னது அவள் மாமியார். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டச் சொன்னார். கட்டினாள். பூபதி அந்தக் கயிற்றோடேயே போய்க் குடித்துவிட்டு வந்தான். அடுத்து வாணியின் அண்ணன் கரூரிலிருந்து கோபமாகக் கிளம்பி வந்து மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்தார். அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு பேருமாகச் சேர்ந்து போய்க் குடித்தார்கள்.

மூன்றாவது வழி, அவள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் பக்கத்து மேசைக்காரி காதோடு காதாகச் சொன்னது. துணி மடிக்கவும் பொத்தான் எண்ணவும் மிஷின் வந்துவிட்ட காலம் அது. கிழிசல் பார்க்க மட்டும் இன்னும் மனிதக் கண் வேண்டியிருந்ததால் திருப்பூரில் வாணியைப் போன்ற சிலருக்கு வேலை மிச்சமிருந்தது. காலம் எவ்வளவோ மாறிப்போனாலும், பக்கத்து மேசைக்காரி கைபேசியில் காட்டிய விளம்பரம் மட்டும் வாணியின் அம்மா காலத்துச் சுவரொட்டியில் இருந்த அதே வாசகத்தோடுதான் இருந்தது. ‘கணவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்.’

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரு தேக்கரண்டிப் பொடியை ரசத்தில் மறைக்க முடிகிறது. பொடி லேசாகக் கசந்தது. வாணி புளியைக் கொஞ்சம் கூட்டி, மிளகைத் தூக்கலாகப் போட்டாள். பொடி வந்த வெள்ளைக் கவரைக் கோலப்பொடி டப்பாவுக்குள் வைத்தாள். அந்த வீட்டில் பூபதி கை வைக்காத ஒரே டப்பா அதுதான்.

மூன்றாம் மாதம் பூபதி குடிப்பதை நிறுத்தினான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, அடியோடு நிறுத்தினான். சாயப்பட்டறையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தான். கோயம்புத்தூரில் படிக்கும் மகள் யாழினி விடுமுறைக்கு வந்தபோது அவளிடம் பெருமையாகச் சொன்னான். “யாரு சொல்லியும் உடலீங்கண்ணு. நானா மனசு வெச்சு உட்டேன். அதான் ஆம்பளைக்கு அழகு.”

அடுப்படியில் நின்றிருந்த வாணிக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. நான் கலந்த பொடிக்கு இவர் மீசையை முறுக்குகிறாரே என்று நினைத்தாள். ஆனால் கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவன் இப்படி நிமிர்ந்து உட்கார்ந்து பேசி அவள் பார்த்ததில்லை. அந்தப் பெருமையை அவனிடமிருந்து பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை. இந்த ரகசியத்தைச் சாகும்வரை சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

ஏழாம் மாதம், ஈரத் துணி உருளையைத் தூக்கியபோது பூபதிக்கு அடிவயிற்றில் சுருக்கென்றது. குடலிறக்கம் என்றார்கள். சின்ன ஆபரேஷன், இரண்டு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். அந்த ஆஸ்பத்திரியில்தான் வாணி மாற்றாளைப் பற்றி முதல்முறையாகக் கேள்விப்பட்டாள்.

“பயப்படாதீங்கக்கா,” என்றாள் ரத்தம் எடுக்க வந்த நர்ஸ். “இவரு மாதிரியே மிஷினுக்குள்ள ஒருத்தரச் செஞ்சிருவோம். இதே ரத்தம், இதே இதயம், இதே மூச்சு. மொதல்ல அவருக்கு மயக்கம் குடுத்து, அறுத்து, தச்சு, எழுப்பிப் பாப்போம். ஒரு தடவ இல்ல, முந்நூறு தடவ. அவரு நல்லபடியா முழிச்சாத்தான் இவர் மேல கையே வப்போம்.”

“பட்டறையில லீவு போட்டா மாத்தாளு அனுப்பறாப்பலயா?” என்றான் பூபதி. “அவனுக்கு வலிக்காதுங்களா?”

“வலிக்காதுண்ணா. அது வெறும் கணக்கு.”

“முந்நூறு தடவ அறுக்கறீங்க. ஒரு டீயாச்சும் வாங்கிக் குடுங்க, பாவம்.”

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கூடச் சிரித்துவிட்டார். நர்ஸ் சிரித்துக்கொண்டே கையிலிருந்த திரைப்பலகையில் ஒரு கட்டத்தைத் தொட்டு, “மருந்து, மாத்திரை எதுவும் எடுக்கறீங்களா?” என்று கேட்டாள். அதைக் கேட்க வேண்டும் என்று ஒரு விதி மிச்சமிருந்தது. மிஷின் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதால் பதிலை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை.

பூபதி வாணியை ஒரு பார்வை பார்த்தான். வாணி குனிந்து தலையணை உறையைச் சரிசெய்தாள்.

“ஒண்ணுமில்லீங்க சிஸ்டர்,” என்றான் அவன்.

நர்ஸ் வெளியே போனதும், தண்ணீர் பிடிக்கிற சாக்கில் வாணி பின்னாலேயே போனாள்.

“சிஸ்டர், சும்மா கேக்கறேன். கைமருந்து, சூரணம்னு யாராச்சும் சாப்ட்டிருந்தா மிஷினுக்குத் தெரிஞ்சிருமுங்களா?”

“அதுக்குத் தெரியாதது ஒண்ணும் கிடையாதுக்கா. போன வாரம் ஒருத்தரு ராத்திரி பட்டினின்னு சொன்னாரு. அது, நீ பிரியாணி தின்னேன்னு சொல்லிருச்சு.”

“அப்படித் தெரிஞ்சா, அவுங்ககிட்டயே சொல்லிருவீங்களா?”

“பேஷண்ட்கிட்டச் சொல்லாம யாருகிட்டச் சொல்றது?”

வாணி தண்ணீர் பிடிக்காமலே திரும்பினாள். அன்றைய பகல் முழுவதும், மிஷின் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் பயந்தாள். பொடி அவனை ஏதாவது செய்துவிடும் என்ற பயம் அதற்குப் பின்னால் எங்கேயோ நின்றிருந்தது. பாவி மனம், எதற்குப் பயப்பட வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறெதற்கோ பயந்தது.

சாயங்காலம் மயக்க மருந்து டாக்டர் பெனாசிர் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி, காதோரம் நரைத்தவர். ஒன்பது ஆபரேஷன் அறைகளை ஒரே ஆளாகத் திரையில் பார்த்துக்கொள்கிறவர் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அவர் கட்டிலுக்கு வந்தே ஆக வேண்டும் என்று விதியில்லை. பழைய பழக்கம், வந்தார்.

“வீட்ல என்ன விரும்பிச் சாப்பிடுவார்மா?” என்று வாணியைப் பார்த்துக் கேட்டார்.

“ரசம்னா உசுருங்க,” என்றாள் வாணி. அதற்கு மேல் ஒரு வாக்கியம் அவள் நாக்கு நுனிவரை வந்தது. பூபதி அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். “இவ வெக்கற ரசத்துக்கு ஊர எழுதி வெக்கலாமுங்க டாக்டர்,” என்றான். டாக்டரின் கைக்கடிகாரம் அதிர்ந்தது. “வரேம்மா,” என்று அவர் வேகமாகப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் மாற்றாளின் முடிவு வந்தது. கட்டிலுக்கு மேலிருந்த திரையில் பச்சை எழுத்துகள் தெரிந்தன. ‘முந்நூறு ஒத்திகைகள் நிறைவு. நோயாளி விழித்துவிட்டார். உறவினரை அழைக்கலாம்.’ பொடியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வாணி இரண்டு முறை படித்தாள். எல்லாம் தெரிந்த மிஷினே ஒன்றும் சொல்லவில்லை என்றால் பொடியில் கெடுதல் ஏதுமில்லை என்றுதானே அர்த்தம்? அவள் கண்ணை மூடி அந்த மிஷினைக் கும்பிட்டாள்.

பூபதியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். “சாயங்காலம் ரசம் கொண்டாந்துரு புள்ள,” என்று கையை ஆட்டினான். வெளிக்கூடத்துச் சுவரில் பெரிய பலகை ஒன்று இருந்தது. ஒவ்வொரு பேருக்கு எதிரிலும் அதே வாசகம் வரும். ஒரு பாட்டியம்மாவின் பேர் வந்தது, ஒரு குடும்பமே எழுந்து உள்ளே ஓடியது. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பேர் வந்தது. பதினொன்றரைக்கு வர வேண்டிய பூபதியின் பேர் பன்னிரண்டரை ஆகியும் வரவில்லை. அதற்குப் பதிலாக டாக்டர் பெனாசிரே நடந்து வந்தார். அவர் கையுறையைக் கழற்ற மறந்திருந்தார். அதைப் பார்த்ததும் வாணிக்கு விளங்கிவிட்டது.

மயக்கம் நினைத்ததைவிட ஆழமாக இறங்கியது, ரத்த அழுத்தம் விழுந்தது, இதயம் நின்றது, திரும்ப ஓடவைத்தார்கள், ஆனால் அவன் விழிக்கவில்லை. மூன்று நாள் மிஷின் மூச்சு விட்டது. மூன்றாம் நாள் மத்தியானம் அதையும் நிறுத்தினார்கள்.

எழவுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி அழுதார்கள். “குடிச்சுக் கெடந்த காலத்துலயெல்லாம் கல்லாட்டம் இருந்தானே! திருந்துன மனுசன ஆண்டவன் கொண்டுக்கிட்டானே!” அதைக் கேட்கும்போதெல்லாம் வாணி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். அவள் துக்கத்தை அடக்குகிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவள் அடக்கியது வேறு.

ஆபரேஷன் நடந்த பதினேழாம் நாள், காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். யாழினி கூட வருகிறேன் என்றாள். வாணி வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனாள்.

டாக்டர் பெனாசிரின் அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு திரை. திரையில் ஒரு பச்சைக் கோடு மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருந்தது.

“இது உங்க வீட்டுக்காரரோட மாற்றாள்மா,” என்றார் டாக்டர். “விசாரணை முடியுற வரைக்கும் வச்சிருப்போம். இன்னைக்கு அஞ்சு மணியோட அழிச்சிருவாங்க.”

வாணி அந்தக் கோட்டையே பார்த்தாள். ஆள் மண்ணுக்குள் போய்ப் பதினாலு நாள் ஆகிறது. இங்கே அவன் நாடி ஓடிக்கொண்டிருந்தது.

“அவர் ரத்தத்துல ஏதோ ஒண்ணு இருந்திருக்கு. அது மிஷினோட பட்டியல்ல இல்ல. தெரியாத எதைப் பாத்தாலும் அது சாப்பாடுன்னு எழுதிக்கும். இதையும் சாப்பாடுன்னு எழுதிருச்சு. மயக்க மருந்தோட சேர்ந்தா அது என்ன செய்யும்னு அதுக்குத் தெரியல. பூண்டு மாத்திரை, இஞ்சி மாத்திரையைக்கூட நாங்க ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தச் சொல்லுவோம்மா. மூலிகைன்னா கெடுதல் இல்லைன்னு ஜனங்க நினைக்கிறாங்க. வேலை செய்யுற எதுவும் எல்லா இடத்துலயும் வேலை செய்யும்.” டாக்டர் நிறுத்தி, மெதுவாகச் சொன்னார். “இன்னைக்கு மத்தியானம் எட்டுப் பேருக்கு ஆபரேஷன் இருக்கு. அதுல யாரு இதைச் சாப்பிடுறாங்கன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

தெரியாது என்று சொன்னால் முடிந்தது. யாரும் அவளைக் கேட்கப் போவதில்லை. தெரியும் என்று சொன்னால், அப்பாவுக்குச் சோற்றில் கலந்து கொடுத்தவள் என்று யாழினி காலம் முழுக்க அவளைப் பார்ப்பாள். புகுந்த வீட்டார் வாசற்படி மிதிக்க விடமாட்டார்கள். வாணி அந்தப் பச்சைக் கோட்டை இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு பைக்குள் கையை விட்டாள். பதினேழு நாளாக அதைத் தூக்கி எறியவும் முடியாமல் வீட்டில் வைக்கவும் முடியாமல் கூடவே சுமந்துகொண்டிருந்தாள்.

வெள்ளைக் கவரை மேசைமேல் வைத்தாள்.

“ரசத்துல போட்டேனுங்க. தெனமும் ஒரு ஸ்பூனு. ஆபரேஷனுக்கு மொத நாள் மத்தியானம் வரைக்கும் வீட்ல இருந்து கொண்டாந்த ரசத்துலயும் போட்டேனுங்க. குடிய நிறுத்தறதுக்குத்தான். அவருக்குத் தெரியாது.” அவள் கவரை டாக்டர் பக்கம் தள்ளினாள். “நான்தானுங்க அவரக் கொன்னுட்டேன்.”

டாக்டர் கவரைத் தொடவில்லை. “நான் வந்து கேட்டேனேம்மா.”

“அவரு பக்கத்துல இருந்தாருங்களே.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஆமா,” என்றார். “முன்னெல்லாம் பொம்பளைங்கள வராண்டாவுக்குக் கூட்டிட்டுப் போய்த் தனியாத்தான் கேப்பேன். பாதி விஷயம் அங்கதான் வெளில வரும். மிஷின் வந்த பிறகு அந்த அஞ்சு நிமிஷம் எனக்கும் இல்லாமப் போச்சு. தப்பு உங்க ஒருத்தரோடது இல்ல.”

பொடியில் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். கால் மணி நேரத்தில் பதில் வந்தது: தூக்கத்தைக் கூட்டும் ஒரு வேர், பேர் தெரியாத இன்னும் இரண்டு பொருள். அந்த நிமிஷமே எல்லா வார்டுக்கும் செய்தி போனது. நோயாளியின் மனைவியைத் தனியாக அழைத்துக் கேளுங்கள் என்று டாக்டர் ஒரே வரியில் எழுதினார். சற்று நேரத்தில் ஆறாம் கட்டிலிலிருந்து நர்ஸ் போன் செய்தாள். அந்த அம்மா வராண்டாவுக்கு வந்ததுமே அழ ஆரம்பித்துவிட்டதாகவும் தோசை மாவில் கலந்ததாகச் சொன்னதாகவும் தகவல். ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். வாணிக்கு அது ஆறுதலாக இல்லை. ஆறாம் கட்டில்காரன் பிழைத்துக்கொண்டான், பூபதி பிழைக்கவில்லை. அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது.

டாக்டர் பொடியின் கணக்கை மாற்றாளுக்குள் ஏற்றினார். “ஒரு ஸ்பூன்,” என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். கோடு தாழ்ந்தது, தடுமாறியது, பிறகு மெல்ல மேலே வந்தது. ‘நோயாளி தாமதமாக விழித்தார்.’

டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். மறுபடி ஓட்டினார். மறுபடியும் தாமதமாக விழித்தான்.

“ஒரு ஸ்பூன்தானாம்மா? கை தவறிக் கூடப் போயிருக்குமா?”

“சத்தியமா ஒண்ணுதானுங்க. என்ற மக மேல சத்தியம்.”

“இந்த அளவுக்கு அவர் எழுந்திருச்சிருக்கணும். லேட்டாத்தான், ஆனா எழுந்திருச்சிருக்கணும். ரத்தத்துல இருந்தது இதுக்கு ரெண்டு பங்கு.” டாக்டர் இரண்டு ஸ்பூன் என்று ஏற்றினார். கோடு தாழ்ந்தது. அதன் பிறகு எழவேயில்லை. டாக்டர் கையை வைத்துத் திரையை மறைக்கப் பார்த்தார். வாணி ஏற்கெனவே பார்த்துவிட்டாள்.

இன்னொரு ஸ்பூன் யார் போட்டது? வீட்டில் அவளைத் தவிர அடுப்படிக்குள் யாரும் வருவதில்லை. வீட்டை விட்டால் அவன் இருந்த இடம் பட்டறைதான். வாணி சாயப்பட்டறையில் பூபதியோடு வேலை பார்த்த மாரப்பனுக்குப் போன் போட்டாள். டாக்டருக்கும் கேட்கட்டும் என்று போனை மேசைமேல் வைத்தாள்.

“அண்ணா, அவரு பட்டறையில பொடி கிடின்னு ஏதாச்சும் சாப்பிடுவாருங்களா?”



“சொல்லிப்போடாதடான்னு சத்தியம் வாங்கியிருந்தானுங்க அம்மிணி,” என்றான் மாரப்பன். “இப்ப ஆளே இல்ல. சொன்னா என்ன போச்சு. ஆறு மாசமாத் தின்னானுங்க. காத்தால ஷிப்ட் ஏறுறதுக்கு முன்னால, சுடுதண்ணியில ஒரு ஸ்பூனு. குடிய உடறதுக்குன்னு செல்லுல வந்துச்சுன்னு அவனே போன் போட்டு வரவெச்சான். வெள்ளக் கவரு. விளம்பரத்துல பொண்டாட்டிமாருக்குன்னுதான் போட்டிருந்துச்சு. இவன் தனக்குத்தானே கலந்துக்கிட்டானுங்க. ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்குக் காத்தாலகூடப் பட்டறைக்கு வந்து தின்னுட்டுத்தான் போனானுங்க.”

வாணி போனை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

“ஏன்டா ஊட்ல சொன்னா என்னன்னு கேட்டனுங்க. வேண்டாம் மாரப்பா, மருந்து தின்னு உட்டேன்னு தெரிஞ்சா அவளுக்குச் சப்புன்னு போயிரும். நானா அவளுக்காக உட்டேன்னு நெனச்சுக்கிட்டு இப்பத்தான் மொகத்துல சிரிப்பு இருக்குது, அது அப்படியே இருக்கட்டும்னான். அம்மிணி? லைன்ல இருக்கறீங்களா?”

டாக்டர்தான் போனை எடுத்து, நன்றி சொல்லி வைத்தார்.

நர்ஸ் கேட்டபோது அவன் தன்னைப் பார்த்த பார்வை வாணிக்கு ஞாபகம் வந்தது. அவள் எதிரில் சொல்ல முடியாமல்தான் பார்த்திருக்கிறான். அவனைப் பார்க்க முடியாமல் அவள் தலையணை உறையைச் சரிசெய்திருக்கிறாள். ஒருவர் மானத்தை ஒருவர் காப்பாற்ற, ஒரே கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பொய்கள் நின்றிருக்கின்றன. யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் இன்றைக்கு ரசம் வைத்துக்கொண்டிருப்பாள். அவள் மேசையில் தலையைச் சாய்த்து, பதினேழு நாளாக அழாத அழுகையை அழுதாள். டாக்டர் எழுந்து வந்து அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

சுவர்க் கடிகாரம் நாலரையைக் காட்டியது.

“டாக்டரம்மா,” என்றாள் வாணி, முகத்தைத் துடைத்துக்கொண்டு. “அழிக்கறதுக்கு முன்னால, ஒருக்கா ஓட்டிக் காட்டறீங்களா? நான் போட்டதும் வேண்டாம், அவரு தின்னதும் வேண்டாம். ஒண்ணுமில்லாம.”

“அதுல என்ன வரும்னு தெரியும்லம்மா. அது உங்களுக்கு நல்லதில்ல.”

“தெரியுமுங்க. ஒருக்கா.”

டாக்டர் அதற்கு மேல் தடுக்கவில்லை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, முதல் ஸ்பூனை நீக்கினார், இரண்டாவது ஸ்பூனை நீக்கினார். மாற்றாளுக்கு மயக்கம் கொடுத்தார். பச்சைக் கோடு பையத் தாழ்ந்து, ஒரே சீராக ஓடியது. ஒரு மணி நேர ஆபரேஷன் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. மயக்கம் நின்றது. கோடு ஏறத் தொடங்கியது.

வாணி திரைக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். கோடு ஏறி, ஒரு தரம் குலுங்கி, விழித்த மனிதனின் நாடியாக ஓட ஆரம்பித்தது. அதற்குக் கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

‘பூபதி. விழித்துவிட்டார். உறவினரை அழைக்கலாம்.’

வாணி எழுந்தாள். முந்தானையைச் சரிசெய்தாள், கலைந்த முடியை ஒதுக்கினாள். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்பவளைப் போல டாக்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.